ஓசூர் செய்த மசில் கார்: ஷோகன்

மசில் கார் என்பதன் சூத்திரம் ரொம்ப எளிது. நடுத்தர அளவுள்ள சாதாரண கார் ஒன்றை எடு, பெரிய காருக்கென்று செய்த எஞ்சினை அதில் வை, இளைஞர்களுக்கு எட்டுகிற விலையில் விற்றுவிடு. 1964-ல் பான்டியாக் கம்பெனி தன் டெம்பெஸ்ட் காரில் 6.4 லிட்டர் எஞ்சினை வைத்து, ஜிடிஓ என்று பெயரிட்டு விற்றது. சாதாரண மாடலிலேயே 325 குதிரைசக்தி. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸுக்கு ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை கால் மைல் (402 மீட்டர்) டிராக் பந்தயத்தில் நிறுத்தலாம்.

அதே காலத்தில் நம் ஊரில் பெரும்பாலும் அம்பாசடரும் பியட்டும்தான். நமக்கு மசில் வந்தது இரண்டு சக்கரத்தில். அதில் ஒன்று வந்தது ஓசூரிலிருந்து.

டிவிஎஸ் ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. 1982-ல் சுசுகியுடன் ஒப்பந்தம் போட்டு, 1984-ல் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. டிவிஎஸ் ரேசிங் அணியும் 1982-ல் தொடங்கியதுதான். மொபெட்டுக்குப் பேர் போன கம்பெனிக்கு அப்போதே ரேஸ் ஆசை இருந்திருக்கிறது. 1990-களில் ஷோகன் வந்தது. 108 சிசி டூ-ஸ்ட்ரோக், 14 குதிரைசக்தி. பேர்போன யமஹா ஆர்எக்ஸ் 100-க்கே 11-தான். லிட்டர் கணக்கில் போட்டுப் பார்த்தால் ஷோகனுக்கு 130 குதிரைசக்தி வருகிறது, ஜிடிஓ-வுக்கு 51. (டூ-ஸ்ட்ரோக்கையும் ஃபோர்-ஸ்ட்ரோக்கையும் இப்படி ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் கணக்கு போடாமல் இருக்க முடியவில்லை.)

எங்கிருந்து வந்தது இந்தச் சக்தி? டூ-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் எரியாமலேயே வெளியே ஓடிவிடும். சைலன்சரின் வயிற்றைச் சரியான அளவில் உப்ப வைத்தால், அங்கே மோதித் திரும்புகிற அழுத்த அலை, ஓடிப்போன கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். இது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் கச்சிதமாக நடக்கும். அதற்குக் கீழே வண்டி சோம்பேறி, அங்கே போனதும் பிய்த்துக்கொண்டு கிளம்பும். டியூனிங் என்று மெக்கானிக்குகள் செய்வதெல்லாம் இந்த அலையோடு விளையாடுவதுதான்: போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்துவது, ஹெட்டைக் கடைந்து கம்ப்ரஷன் ஏற்றுவது, பெரிய கார்புரேட்டர் போடுவது, சைலன்சரையே வேறாகச் செய்வது. சிப்காட் இருக்கிற ஓசூரில் லேத்துக்குப் பஞ்சமா? எல்லை தாண்டினால் பெங்களூரு, அங்கே உதிரிபாகத்துக்கு ஜே.சி. ரோடு.

ஆனால் வேகத்தைக் கொடுத்த அதே ஓட்டைதான் வண்டியைக் கொன்றது. எரியாத பெட்ரோலும் ஆயிலும் காற்றில் கலக்கின்றன. இரு சக்கர வண்டிகளுக்கான ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு கூட்டு வரம்பு 1996-ல் கிலோமீட்டருக்கு 3.6 கிராமாக இருந்தது, 2000-ல் 2 கிராமாக இறங்கியது. வேகத்துக்காகவே செய்த டூ-ஸ்ட்ரோக்கால் அதற்குள் அடங்குவது பெரும்பாடு. 2001-ல் டிவிஎஸ், சுசுகியைப் பிரிந்து, சொந்தமாக வடிவமைத்த விக்டரைக் கொண்டுவந்தது. நல்ல மைலேஜ், சாதுவான ஃபோர்-ஸ்ட்ரோக். அமெரிக்காவிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். 1970-ன் தூய காற்றுச் சட்டம், 1973-ன் எண்ணெய் நெருக்கடி, பிறகு மசில் கார் கிடையாது.

இதுவரைக்கும் இரண்டு ஊரும் ஒரே பாதை. பிரிவது இதற்கு அப்புறம்தான், எனக்கு உறுத்துவதும் அதுதான்.

கலிபோர்னியாவின் காற்று வாரியம் கெடுபிடிக்குப் பேர் போனது. அங்கேகூட 1975 வரை வந்த கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. புதிய கார்களுக்கும், வாரியம் சோதித்து உத்தரவு எண் கொடுத்த பாகங்களை மாட்டிக்கொள்ளலாம். பழைய ஜிடிஓ-வைப் பிரித்து மேய்ந்து டிராக் வண்டியாக்கியவர் அதே காரில் கடைக்கும் போய் வருகிறார், நம்பர் பிளேட்டோடு.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. ரோட்டில் ரேஸ் விடுவதைத் தடுக்கும் 189-வது பிரிவில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. லாரி ஓயாத கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒரு தடவை பார்த்தவர் யாரும் அதை எதிர்க்க மாட்டார். கேள்வி வேறு. போட்டித் தடத்தில் மட்டும் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு, அங்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்வர ஒரு வழி வேண்டாமா? சோதித்து, சான்று கொடுத்து, கட்டணம் வாங்கி அனுமதிக்கும் வழி நம் சட்டத்தில் இல்லை. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். காசுள்ளவனுக்குப் பிரச்சனையில்லை, ஃபிட்டர் வேலை பார்க்கிற பையனுக்கு அதுவே பெரிய செலவு.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரே மாதிரிதான். கலிபோர்னியாவில் சாந்தா அனா விமான நிலைய ஓடுதளத்தில் 1950-ல் டிராக் பந்தயம் தொடங்கியது. நமக்குச் சோழவரம், அதுவும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தடம் கட்டியது. அங்கே ஓடுதளத்தோடு விதிமுறையும் வளர்ந்தது. இங்கே தடம் மட்டும் வளர்ந்தது.

2021-ல் பழம் வாகனங்களுக்குத் தனி விதி வந்திருக்கிறது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும், தினசரி ஓட்டக் கூடாது. ஷோகனுக்கு அந்த வயசு 2040-களில் வரும். ஒரிஜினல் சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.