கூரையில்லாத ஊர்தியும் நனையக்கூடாத கருவியும்

சற்று நீண்ட பதிவு. வரலாறும் மொழியியலும் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதற்கென்று செய்யப்பட்ட ஜி.பி.எஸ். கருவியை மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு பருவமழையினூடே செல்வோர், அதை நனையாமல் காக்கப் பல உபாயங்களைக் கையாண்டு வந்துள்ளனர். சமையலறை ஜிப் பையில் போட்டு வாயை மூடுவது ஒன்று. பெட்ரோல் டாங்கின்மேல் வைக்கும் பையின் ஒளிபுகும் உறைக்குள் செருகுவது மற்றொன்று. மழை வலுத்துவிட்டால் கழற்றி உட்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, வழி விசாரித்தபடியே செல்வது கடைசி வழி. இவற்றைப் பயணிகளின் கைவைத்தியம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். எனக்கோ இவை இந்திய நில அளவையின் இருநூறாண்டு வரலாற்றின் தொடர்ச்சியாகத் தோன்றுகின்றன. அவ்வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவும் அதிகாரிகளின் வரலாறாகவும் எழுதிவிட்டோம். கருவிக்கு மேலிருந்த கூரையும் அக்கூரையைத் தாங்கிய கைகளும் அதில் இடம்பெறவில்லை.

முதலில் ஒரு தொழில்நுட்பச் செய்தி. மழை ஜி.பி.எஸ். சமிக்ஞையை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் அனுப்பும் முதன்மை அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவேயான மழைத்துளி அதற்குப் பொருட்டில்லை. கொட்டும் மழையிலும் இருப்பிடம் துல்லியமாகவே கிடைக்கும். கெடுவது பெட்டி மட்டுமே. மின்னேற்றும் துளை, ஒலிபெருக்கியின் கண்கள், மூடியின் பொருத்து ஆகிய மூன்றின் வழியாக நீர் உள்ளே செல்கிறது. காருக்குள் வைக்கும் கருவியில் இவற்றை அடைக்க வேண்டிய அவசியம் தயாரிப்பாளருக்கு இருந்ததில்லை, ஏனெனில் காரின் கூரையே அக்கருவியின் மேலுறை. கருவியை வாங்குகிறவர் கூரையையும் உடன் வைத்திருப்பார் என்பது வடிவமைப்பில் எழுதாமல் எழுதப்பட்ட நிபந்தனை.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட கருவிகளும் உண்டு. அவற்றிற்கு ஐ.பி.எக்ஸ்.7 என்னும் தரக்குறி இருக்கும். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் பாதகமில்லை என்பது அதன் பொருள். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. எனவேதான் கார்க் கருவியும் நெகிழிப் பையும் இணைந்தன. அந்த இணைப்பிலும் சிக்கல் உண்டு. இறுக மூடிய பைக்குள் சிக்கிய ஈரக்காற்று, கருவியின் சூட்டிலும் வெளியிலுள்ள குளிரிலும் நீராகிக் கண்ணாடியிலேயே படியும். மழை விட்டு வெயில் அடித்தால் அதே பை அடுப்பாகிவிடும். அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரை பைக்கு மேலிருந்து தொட்டாலும் இயங்கியது. பின்வந்த மின்னூட்டத்தை உணரும் திரையோ மழைத்துளியையே விரல் என்று கருதிக்கொண்டு தானாக எங்கோ வழிகாட்டத் தொடங்கும்.

சமிக்ஞைக்கு மழை தடையில்லை, கருவிக்கே தடை என்ற இந்நிலையை விடவும் விசித்திரமான ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது. அன்று மழை இடமறிதலுக்குத் துணையாகவே இருந்தது.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைக் கணக்கிடுவது மரபு. அவர் கையாண்ட நூறடி எஃகுச் சங்கிலி வந்த வழியே ஒரு தனிக்கதை. மெகார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்கு எடுத்துச் சென்ற பரிசுப் பொருள்களில் ஒன்று அது. அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் லாம்டனிடம் சேர்ந்தது. அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கடலில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரீஷியஸ் சென்று, அங்கிருந்த ஆளுநரின் பெருந்தன்மையால் மீண்டு வந்தது. இச்செய்திகள் எல்லா நூல்களிலும் உள்ளன. அந்த எஃகுச் சங்கிலி தரையில் கிடக்கவில்லை என்பதற்கு மட்டும் அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை. முக்காலிகளின்மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானிகளை உடன் வைத்து, மேலே கூடாரத்தை விரித்து அளந்தனர். எஃகு வெயிலில் நீளும். கூடாரம் இல்லையேல் அந்த அளவுக்குப் பொருளில்லை. கூடாரமும் அளவைக் கருவியின் ஓர் உறுப்பு என்று சொல்வதில் மிகையில்லை.

அடிக்கோட்டை வறண்ட காலத்தில் அளக்கலாம். முக்கோணங்களை அளக்க முடியாது. மலையுச்சியிலிருந்து முப்பது நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள கொடியைத் தொலைநோக்கியில் காண வேண்டும். கோடையில் புழுதிப் படலமும் அனற்காற்றின் நடுக்கமும் அதை மறைத்துவிடும். நல்ல மழை பெய்து ஓய்ந்த சில மணி நேரத்தில்தான் காற்று கழுவிவிட்டதுபோல் தெளிந்து, தொலைவுகள் துலங்கும். ஆகவே லாம்டன் பருவமழைக் காலத்தையே களப்பணிக் காலமாகக் கொண்டார். கருவி எப்போது மிகத் தெளிவாகக் காணுமோ அப்போதே அது நனைந்து கெடவும் வாய்ப்பு மிகுதி. பித்தளை வட்டத்தின் நுண்கோடுகளைப் பாசியிலிருந்தும், தொலைநோக்கியின் குறுக்கிழைகளை ஈரத்திலிருந்தும் காத்துக்கொண்டு, மேகம் விலகும் அந்தச் சிறு பொழுதுக்காக மலையுச்சிகளில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தனர்.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை 1819-இல் தெரிந்தது. லாம்டனின் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளை அளக்க மழைக்காலத்தில் அனுப்பப்பட்டார். எல்லபுரம் பகுதிக் காட்டில் அவருக்கும் அவருடன் சென்ற ஏறத்தாழ 150 பேருக்கும் காய்ச்சல் கண்டது. அவர்களைத் தூக்கிவர ஹைதராபாத்திலிருந்து யானைகளும் பல்லக்குகளும் அனுப்பப்பட்டன. ஊர் வந்து சேருமுன் சிலர் இறந்தனர். எவரெஸ்ட் உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். தேறிவந்த அவரின் பெயர் பின்னாளில் ஒரு சிகரத்திற்கே சூட்டப்பட்டது. அந்த 150 பேரின் பெயர்களை எந்தப் பொது வரலாற்று நூலும் தருவதில்லை.

லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் இறந்த பின்னர் பொறுப்பேற்ற எவரெஸ்ட் இந்த நடைமுறையை மாற்றினார். இரவில் விளக்கொளியையும், பகலில் ஹீலியோட்ரோப் எனப்படும், சூரிய ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியையும் அடையாளமாகக் கொண்டால் புழுதிப் படலத்தையும் ஊடுருவிக் காணலாம் எனக் கண்டார். களப்பணி மழைக்காலத்திலிருந்து வறண்ட, குளிர்ந்த மாதங்களுக்கு நகர்ந்தது. நூல்கள் இதை ஒளியியல் முன்னேற்றமாகவே குறிப்பிடுகின்றன. என் பார்வையில் இது மழையிலிருந்து தப்பிக்கும் முயற்சியும் ஆகும். முழுதும் தப்பியதாகவும் சொல்ல முடியாது. இமயத்தின் சிகரங்கள் தெளிந்து தெரிவது மழை ஓய்ந்த மாதங்களில்தான். அதற்குத் தராய்ச் சதுப்பின் ஓரத்தில் முகாமிட்டாக வேண்டும். அங்கும் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று.

இனி என் துறைக்குரிய ஒரு செய்தி. இந்த அளவைக் குழுக்களில் சங்கிலி இழுத்தவர்களையும் கொடிக்கம்பம் பிடித்தவர்களையும் கருவிக்கு மேல் குடை பிடித்தவர்களையும் ஒரே சொல்லால் அழைத்தனர்: கலாசி. தமிழிலும் இச்சொல் கப்பல், ரயில்வே வழக்குகளில் உண்டு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்குத் தரும் பொருள்வரிசை சிந்திக்கத்தக்கது. கூடாரம் அடிப்பவர் என்பதே அங்கே முதற்பொருள். நில அளவையாளரிடம் சங்கிலியும் கம்பமும் பிடிப்பவர் என்பது அடுத்தது. அவ்வேலைக்கு வழக்கமாகக் கூடாரம் அடிப்போர் வகுப்பிலிருந்தே ஆள் எடுத்தமையால் அப்பொருள் வந்தது என்று அகராதியே காரணமும் காட்டுகிறது. கப்பலோட்டி, பீரங்கிப்படை உதவியாளர் ஆகிய பொருள்களும் உள்ளன. சொற்பொருள் விரிவில் இத்தகைய இடப்பெயர்ச்சி அரிதன்று. ஆயினும் இங்கே அது ஒரு தொழில் வரலாற்றைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. கூரை விரித்தவரே அளவைக்காரருமானார். ஆவணங்கள் பெயர் சொல்லாமல் விட்ட மனிதர்களின் பணி, ஒரு சொல்லின் பொருள் அடுக்கில் தங்கிவிட்டது.

1831–32-இல் கல்கத்தாவில் பாரக்பூர் பெருவழியை ஒட்டி அடிக்கோடு அளக்கப்பட்டபோது, சங்கிலிக்குப் பதிலாகப் பித்தளையும் இரும்பும் இணைந்த பத்தடிச் சட்டங்கள் வந்துவிட்டன. வெப்பத்தால் நீளாதபடி ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று ஈடுசெய்யும் ஏற்பாடு அது. அப்படியும் கூடாரத்தைக் கைவிட முடியவில்லை. அந்த அளவைப் பணியைப் படமாக வரைந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். பின்னர் 1837-இல் அசோகன் பிராமியை வாசித்தளித்த அதே பிரின்செப். அடிக்கோட்டின் இரு முனைகளிலும் எழுப்பிய கோபுரங்கள் இன்றும் கொல்கத்தாவின் நெரிசலுக்கு நடுவே நிற்கின்றன. கட்டடம் நின்றது, கூடாரம் போயிற்று. கல்லுக்கும் துணிக்கும் உள்ள இந்த வேறுபாடு நாம் எழுதும் வரலாற்றிலும் படிந்துவிடுகிறது.

கருவியைப் பேணியோரில் பெயர் தெரிந்த ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் நகைத் தொழிலிலிருந்து நில அளவைத் துறையின் கருவிப் பட்டறைக்கு வந்தவர். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஹென்றி பாரோவுக்குப் பின் அப்பட்டறையின் பொறுப்பை அவருக்கே தர வேண்டும் என்று எவரெஸ்ட் வற்புறுத்தினார். எளிதில் எவரையும் பாராட்டாத மனிதர் எவரெஸ்ட் என்பதைச் சேர்த்து நோக்கினால் இதன் பெறுமதி விளங்கும்.

உறை என்பது மழைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நைன் சிங் ராவத்தின் பயணம் சான்று. 1865–66-இல் லாசா வரை சென்ற அவர், செக்ஸ்டன்டைப் பெட்டியின் மறைவறையிலும், பாதரசத்தைச் சோழிகளிலும், குறிப்புத் தாள்களைப் பிரார்த்தனைச் சக்கரத்தினுள்ளும் வைத்திருந்தார். ஜபமாலையில் 108-க்குப் பதில் 100 மணிகள்; ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு மணி. அவருடைய உறைகள் கருவியைக் கண்களிலிருந்து காத்தன. கூடாரமும் கலாசியும் இன்றித் தனியொருவராக அளந்த அவரை, மோட்டார் சைக்கிள் பயணியின் முன்னோடி என்று சொல்லத் தோன்றுகிறது, சற்று மிகைதான்.

இருபதாம் நூற்றாண்டை விரைந்து கடக்கிறேன். சமதளப்பலகை அளவையில் ஈரக்காற்றில் தாளே விரிந்து சுருங்கி அளவைக் கெடுத்தது; அதனால் தாளைத் துணியில் ஒட்டிப் பயன்படுத்தினர். பின்னர் வான்படங்கள் வந்தன. 2000 மே 2 அன்று, பொதுப் பயன்பாட்டுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய பின்னரே கார்களுக்கான வழிகாட்டிக் கருவிகள் பெருகின.

அவை கார்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. இந்தியாவில் பதிவான வாகனங்களிலோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். கருவி எதிர்பார்த்த கூரை இங்கே பெரும்பான்மையோரிடம் இல்லை. ஜிப் பை இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. பிறகு கைப்பேசியே வழிகாட்டியாயிற்று. நீர்புகாத் தரம் விலையுயர்ந்த கைப்பேசிகளுக்கு முதலில் வந்தது, மலிவானவை பெரும்பாலும் பையை நம்பியே இருந்தன.

இன்று மழைமாதங்களில் மும்பையிலோ புணேயிலோ கொச்சியிலோ உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களின் கைப்பிடிகளைப் பாருங்கள். ஒளிபுகும் நெகிழி உறைக்குள் கைப்பேசி, அதன்மேல் வழியும் நீர், நீருக்கடியில் நகரும் நீலப்புள்ளி. அப்புள்ளி நின்றுவிட்டால் அவருடைய அன்றைய வேலையும் நின்றுவிடும். லாம்டன் காலத்தில் தியோடலைட் கும்பினியின் உடைமை, கூடாரமும் கும்பினியின் செலவு, கலாசிக்குக் குறைவானதாயினும் ஒரு மாதச் சம்பளம் இருந்தது. இங்கே கைப்பேசி ஓட்டுநரின் சொந்தப் பொருள். உறையையும் அவரே வாங்குகிறார். சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்தில் கையுறையைக் கழற்றி, உறையின் மேலிருந்து நீரைப் பெருவிரலால் வழித்துவிடுகிறார்.