ஈரல் நோயாளியும் மதுவும்: பாரிஸ் நகரத்துச் சாட்சியம்

கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்ட பின்னர் குடியை நிறுத்துவதில் என்ன பிரயோஜனம் என்று நோயாளிகள் கேட்பதுண்டு. போகிற காலத்தில் இந்தச் சுகத்தையாவது ஏன் பறிக்க வேண்டும் என்று சுற்றத்தார் இரக்கத்தின் பெயரால் அதற்கு உடன்படுவதுமுண்டு. அந்த இரக்கம் பிழையான அனுமானம் ஒன்றின்மேல் நிற்கிறதென்பதே என் வாதம்.

சிரோசிஸ் என்னும் இவ்வியாதி முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் செல்லுமாதலால், ஒரு நாட்டில் மது திடீரென அருகிப்போனாலும் அதன் பலன் மரணக் கணக்கில் புலப்படுவதற்கு நெடுங்காலம் ஆகும் என்று எதிர்பார்ப்பதே நியாயமாகத் தோன்றும். ஆனால் யுத்தகாலப் பிரான்ஸில் 1942 முதல் 1947 வரை திராட்சை மது பங்கீட்டுக்கு உட்பட்டபோது, பாரிஸ் நகரத்தில் இந்நோயால் இறந்தோர் தொகை விரைந்து சரிந்து, சில ஆண்டுகளுக்குள் முன்னிருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிற்று. பங்கீடு நீங்கியதும் மீண்டும் ஏறிற்று. அவ்வளவு சீக்கிரத்தில் உயிர் தப்பியவர்கள், ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

யுத்தத்தில் உணவும் குறைந்ததல்லவா என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் உண்மையில் என் கட்சிக்கே பலம் சேர்க்கிறது. அக்காலத்து வைத்திய சாஸ்திரிகள் பலர் ஈரல் கெடுவதற்குப் போஷாக்கின்மையையே பிரதான காரணமாகக் கொண்டிருந்தனர். இன்சுலின் ஆராய்ச்சியால் புகழெய்திய சார்லஸ் பெஸ்டும் அவர்தம் சகாக்களும் 1949-இல், எலிகளைக்கொண்டு செய்த சோதனைகளின் பலத்தால், மது ஈரலுக்குச் சர்க்கரையினும் விசேஷமான விஷமன்று என்றே எழுதினர். அக்கொள்கை மெய்யாயின், ஆகாரம் அருகிய பாரிஸில் மரணம் பெருகியிருக்க வேண்டும், நிகழ்ந்ததோ நேர்மாறு. பிற்பாடு 1974-இல், நல்ல ஆகாரம் ஊட்டப்பட்ட பபூன் குரங்குகளுக்கும் மதுவினால் சிரோசிஸ் உண்டாவதை ரூபின், லீபர் இருவரும் பிரத்தியட்சமாகக் காட்டினர்.

யேல் பல்கலைக்கழகத்தின் பவெலும் கிளாட்ஸ்கினும் 1968-இல் வெளியிட்ட கணக்கின்படி, குடியை விட்ட சிரோசிஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 63 பேரும், விடாதவர்களில் சுமார் 40 பேரும் ஐந்தாண்டு கடந்தனர். விட்டவர்கள் இயல்பிலேயே திடசித்தமும் வசதியும் வாய்ந்தவர்களாயிருக்கலாம் என்ற சந்தேகம் இக்கணக்கினால் மட்டும் தீராது. பாரிஸிலோ விருப்பத்துக்கு இடமின்றி, திடசித்தனும் சபலனும் ஒருங்கே மதுவை இழந்தனர். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டையும் சேர்த்தே மதிக்கிறேன்.

‘அளவோடு’ என்ற சமாதானத்தைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஈரல் கெட்டவருக்குத் தீங்கற்ற அளவென்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை, ஹெபடைடிஸ் சி கிருமியால் நோயுற்றவருக்கும் மது தழும்பைத் துரிதப்படுத்துகிறது.

எனினும், பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே ஒரு நாளில் அடியோடு நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். அவற்றைத் தடுக்கத் தரும் மருந்துகளிற் பலவற்றையும் கெட்ட ஈரல் மெதுவாகவே கழிக்குமாதலால், மருந்தின் வகையையும் அளவையும் வைத்தியரே அருகிருந்து நிர்ணயிக்க வேண்டும்.