மாதிரி நீராவி எஞ்சின் தாங்கி

மாதிரி நீராவி எஞ்சின் தாங்கி என்பது, மனிதர்களை இழுக்கும் வலுவுடன் சிறிய அளவில் கட்டப்பட்ட நீராவி ரயில் எஞ்சினைச் சாலை வழியே கொண்டுசெல்வதற்கான சட்டம். காரின் பின்புறத்தில் வைக்கும் கைப்பிடித் தொட்டிலாகவோ, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லராகவோ அது அமையலாம். எந்த வடிவானாலும் அதன் உயிர்நாடி, எஞ்சின் நிற்கும் ஒரு துண்டுத் தண்டவாளமே.

தேவை

பிரிட்டனில் மாதிரிப் பொறியியல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைப்புரீதியாக வளரத் தொடங்கியது. பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழ் 1898இல் வெளிவந்தது. ‘எல்பிஎஸ்சி’ என்ற புனைபெயரில் எழுதிய வடிவமைப்பாளர், நிலக்கரி எரிக்கும் சிறிய எஞ்சினும் ஆளை இழுக்கும் என்று 1920களில் ஓட்டிக் காட்டினார். அதன்பின் சங்கங்கள் பொது ஓடுபாதைகளை அமைத்தன. எஞ்சின் பிறப்பதோ வீட்டுப் பட்டறையில். ஓடுவதோ ஊருக்கு வெளியே உள்ள சங்கப் பாதையில். இடைப்பட்ட தூரத்துக்குத்தான் தாங்கி தேவைப்படுகிறது.

அளவும் எடையும்

பிரிட்டனில் 3½, 5, 7¼ அங்குல இருப்புப்பாதை அகலங்கள் பரவலாக உள்ளன. வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7½ அங்குலம் வழங்குகிறது. அகலம் சற்றே கூடினாலும் எடை வெகுவாக ஏறிவிடும். ஏனெனில் எடை நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கேற்ப மாறுகிறது.

1951இல் வெளிவந்த ‘பிரிட்டானியா’ வகை எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். டெண்டருடன் (நிலக்கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியுடன்) அதன் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர்; டெண்டர் நீங்கலாக எடை 94 டன். 5 அங்குலப் பாதைக்கு, அதாவது சுமார் 11.3இல் ஒரு பங்காக, அதைச் சுருக்கினால் நீளம் 1.85 மீட்டர். கணக்குப்படி எடை 66 கிலோ. 8இல் ஒரு பங்கானால் நீளம் 2.6 மீட்டர், எடை 187 கிலோ. தகடுகளையும் குழாய்களையும் அதே விகிதத்தில் மெலிதாக்க முடியாது என்பதால் உண்மையான மாதிரிகள் இதைவிடக் கனமாகவே அமையும். டெண்டர் இல்லாத சிறிய டேங்க் எஞ்சினை இருவர் தூக்கிவிடலாம். பெரியதற்கு ட்ரெய்லர்தான் வழி. டெண்டரைக் கழற்றித் தனியே ஏற்றுவது வழக்கம்.

கட்டுமானம்

அடிச்சட்டம் இரும்பு ஆங்கிளிலோ சதுரக் குழாயிலோ வெல்டிங் செய்யப்படும். தளமாக ப்ளைவுட் பலகை. கசியும் எண்ணெயையும் அது ஏந்திக்கொள்ளும். அதன்மேல் இரும்புப் பட்டைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டுத் தண்டவாளமாகின்றன. 5 அங்குலப் பாதையில் அவற்றின் உள்விளிம்புகளுக்கிடையே 127 மி.மீ. இருக்க வேண்டும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளி சுமார் 119 மி.மீ.; இரு சக்கர விளிம்புகளின் தடிமனையும் சேர்த்தால் மிஞ்சும் இடம் சொற்பமே என்பதால், பட்டை வளைந்து உள்ளே ஒதுங்கினால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். எனவே குறுக்குத் தாங்கல்கள் நெருக்கமாக வர வேண்டும். தாழத் தொங்கும் சாம்பல் தட்டும் பிரேக் கம்பிகளும் தளத்தில் இடிக்காத உயரம் பட்டைகளுக்கு இருக்க வேண்டும்.

ட்ரெய்லரில் எஞ்சின் நிற்கும் இடமும் முக்கியம். பாரம் இருசுக்குப் பின்னால் சாய்ந்தால் ட்ரெய்லர் வேகத்தில் பாம்புபோல் ஆடும். அதனால் பாரத்தின் நடு, இருசுக்குச் சற்று முன்னே விழும்படி நிறுத்தும் இடத்தை அடையாளமிட வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லரின் மொத்த எடை பிரிட்டனில் 750 கிலோவையோ, இழுக்கும் காரின் எடையில் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

ஏற்றி இறக்குதல்

சாய்தளத்தில் ஏற்றக் கைவின்ச் பயன்படுகிறது. 200 கிலோ எஞ்சினை 5க்கு 1 என்ற சரிவில் பிடித்து வைக்கவே ஏறத்தாழ 40 கிலோ இழுவிசை வேண்டும். கையை நம்பக் கூடாது. சரிவு தளத்தைச் சேரும் முனையில்தான் ஆபத்து அதிகம். அங்கே எஞ்சினின் எடை முழுவதும் நடு இருசின்மேல் விழுந்து, முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு தடம்விட்டு இறங்கிவிடலாம். சாய்தளத்தை நீளமாக்கினால் அந்த முனையின் வளைவு மென்மையாகும்.

மேலே தண்டவாளம் பதித்த ஹைட்ராலிக் தூக்குமேசை சாய்தளத்தைவிடப் பாதுகாப்பானது. மேசையையும் தாங்கியையும் ஊசியிட்டுப் பூட்டிய பிறகே எஞ்சினை உருட்ட வேண்டும். பூட்டாவிட்டால் முதல் சக்கரம் இடைவெளியைக் கடக்கும்போதே மேசை பின்வாங்கிவிடும்.

இறுக்கிக் கட்டுதல்

எஞ்சினைப் பிடிக்க வேண்டிய இடம் அதன் அடிச்சட்டம். பட்டைகளை முன், பின் பஃபர் பீம்களிலிருந்து (சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள குறுக்குவிட்டங்களிலிருந்து) நான்கு மூலைக்கும் சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும். கொதிகலனின் மேல் பட்டை போடவே கூடாது; மேலுறைத் தகடு மெல்லியது, ஒருமுறை நசுங்கினால் பழைய வடிவுக்கு வராது. இணைப்புத் தண்டுகளிலும் கட்டக் கூடாது. சக்கரத்துக்கு ஆப்பு மட்டும் வைத்தால், திடீர் பிரேக்கில் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். பீமை முட்டி நிற்கும் மரத்தடுப்பும் வேண்டும். தண்டவாளத்தில் சீராக ஓடப் பழகிய விற்கள் சாலைக் குழியில் விடாமல் குதிக்கும். சட்டத்துக்கும் தளத்துக்கும் இடையே மரக்கட்டை செருகினால் விற்களும் இருசுப் பெட்டிகளும் அடிபடாது.

பயண ஆயத்தம்

நெருப்பு முழுவதும் இறக்கப்பட்டு, புகைப்பெட்டியின் சாம்பல் அள்ளப்பட்டு, எஞ்சின் ஆறிய பிறகே ஏற்ற வேண்டும். கொதிகலனையும் தொட்டிகளையும் காலி செய்தால் எடை குறையும். உறைபனிக் காலத்தில் குழாய்கள் வெடிக்காமலும் காக்கும். நீர்மட்டக் கண்ணாடிக்குத் துணி உறை போட வேண்டும்.

சேருமிடத்தில் தீமூட்டுவதற்கு முன் எஞ்சினைக் கையால் தள்ளிச் சக்கரங்களை ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பார்ப்பது அவசியம். எங்கும் பிடிக்காமல் சுழன்றால் தாங்கி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஓர் எஞ்சினுக்குள் பல ஆண்டு மாலைப்பொழுதுகளின் உழைப்பு இருக்கிறது. அதைச் சுமக்கும் சட்டத்துக்கும் அதே பொறுமையைச் செலவிடுவதே முறை.