படகிலிருந்து சூட்டப்பட்ட பெயர்கள்: அந்தமான், 1857

1857 நவம்பர் 23 அன்று மருத்துவர் பிரெடரிக் மௌவாட் தலைமையில் மூவர் குழு ஒன்று கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. மௌல்மீனில் புளூட்டோ என்னும் நீராவிக்கப்பலில் ஏறிய அக்குழு, டிசம்பர் 11 அன்று வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் துறையை அடைந்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சியில் சிறைப்பட்டோரைக் குடியேற்றத் தக்க இடத்தைத் தேர்வதே அதன் பணி.

அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். தீவுகளின் கிழக்குக் கரையில் அலைகள் நேராக வந்து மோதும். கரையோரப் பவளப்பாறைகளுக்கு அஞ்சிக் கப்பல் தொலைவில் நங்கூரமிட வேண்டும். எஞ்சிய தூரத்தைத் துடுப்புப் படகில்தான் கடக்க இயலும். 1844 நவம்பர்ப் புயலில் ரன்னிமீட், பிரிட்டன் என்னும் இரு படைக்கப்பல்கள் ஒரே இரவில் ஒரே தீவின் கரையில் தூக்கியெறியப்பட்ட நிகழ்வும் பழங்கதையாகிவிடவில்லை. ஆகவே எப்பருவத்திலும் ஒதுங்கத்தக்க துறைமுகம் இன்றியமையாததாயிற்று.

அத்தகைய துறைமுகத்தை ஆர்ச்சிபால்டு பிளேர் 1789-இலேயே அளந்து, சாத்தம் தீவில் குடியேற்றமும் அமைத்திருந்தார். போர்ட் கார்ன்வாலிஸ் என்பது முதலில் அதன் பெயரே. 1792-இல் குடியேற்றம் வடக்கே மாற்றப்பட்டபோது பெயரும் உடன் சென்றது. நோயும் இறப்பும் மிகவே, 1796-இல் அப்புதிய குடியேற்றம் கைவிடப்பட்டது. மௌவாட் குழு வடக்கை ஒதுக்கிப் பழைய துறையையே பரிந்துரைத்தது. அதற்குப் போர்ட் பிளேர் எனப் பெயரிடவும் செய்தது.

அதே பயணத்தில் மற்றொரு பெயரும் சூட்டப்பட்டது. மேற்கே இன்டர்வியூ தீவருகே குழுவின் படகுகளுக்கும் தீவினரின் ஓடங்களுக்கும் இடையே மோதல் மூண்டது. தீவினர் சிலர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். மாலுமிகள் அவரை ‘ஜாக்’ என்றழைத்தனர். கல்கத்தாவில் அவர் காட்சிப்பொருளானார், நிழற்படம் எடுக்கப்பட்டது, நோயுற்றதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடப்பட்டார். அவருடைய மொழியை அறிந்தவர் கப்பலிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. அதுவரை அச்சேறியிருந்த கோல்புரூக்கின் சொற்பட்டியல் ஜாரவா மொழியினது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஜாரவா வேறு மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது.

பெயரிடல் ஒருவழிப்பட்டதன்று. 1906 முதல் 1908 வரை அங்கு ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுன், வட அந்தமானியர் இறந்தோரின் ஆவியைக் குறிக்கும் ‘லாவ்’ என்ற சொல்லாலேயே இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தோரையும் சுட்டினர் எனப் பதிந்துள்ளார். படகில் வந்தோருக்குத் தீவினர் ‘ஜாக்’. கரையில் நின்றோருக்கு வந்தவர்கள் ஆவிகள். முதற்பெயர் அரசு ஆவணத்தில் நிலைத்தது. இரண்டாவதை எழுத ஐம்பதாண்டு ஆயிற்று.

1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளுடன் செமிராமிஸ் கப்பல் போர்ட் பிளேரை அடைந்தது. பெரிய அந்தமானிய மொழிகளின் வீழ்ச்சி அந்நாளிலிருந்து விரைவுற்றது. ‘போ’ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரமாயிற்று. குடியேற்றவாதப் பெயர் நீங்கியது. ஆயினும் புதிய பெயரும் கடல் கடந்து வந்ததே. மௌவாட்டின் 1863-ஆம் ஆண்டு நூலைப் பயில்வோர், அதில் இடம்பெற்ற பெயர்களோடு இடம்பெறாத ஒன்றையும் கருத வேண்டும்: இன்டர்வியூ தீவில் கரையிறக்கப்பட்ட அம்மனிதரைத் தம்மவர் அழைத்த பெயர்.