உணவுக் குமிழி

உணவுக் குமிழி என்பது ஒருசெல் உயிரிகள் தாம் விழுங்கிய இரையைச் செரிப்பதற்காகத் தம் உடலுக்குள் உருவாக்கிக்கொள்ளும், மென்சவ்வால் சூழப்பட்ட சிறு பை ஆகும். அமீபா, பரமேசியம் முதலியவற்றில் இது நிலையான உறுப்பன்று. இரை கிடைக்கும்போது தோன்றிக் கழிவு வெளியேறியதும் மறைந்துவிடும். பாக்டீரியாக்களில் உணவுக் குமிழி இல்லை. அவை நொதிகளை வெளியே சுரந்து, கரைந்த உணவை உறிஞ்சுகின்றன.

இரையை உட்கொள்ளல்

அமீபாவுக்கு வாய் எனத் தனி இடம் கிடையாது. இரை தென்படும் பக்கத்தில் போலிக்கால்கள் நீண்டு அதனைக் கிண்ணம்போல் சூழ்ந்துகொள்கின்றன. விளிம்புகள் இணைந்ததும் செல்மென்சவ்வின் ஒரு துண்டே குமிழியின் சுவராகிவிடுகிறது. எனவே இரை செல்லுக்குள் இருந்தாலும் சைட்டோபிளாசத்தைத் தொடுவதில்லை. இரையைச் சிதைக்கும் நொதிகள் அமீபாவையே சிதைக்க வல்லவை என்பதால் இத்தடுப்பு இன்றியமையாதது.

பரமேசியத்தில் வாய்ப்பள்ளம் உண்டு. அங்குள்ள குற்றிழைகள் நீரோட்டத்தை எழுப்பிப் பாக்டீரியாக்களை உள்ளே தள்ளுகின்றன. பள்ளத்தின் அடியில் சவ்வு பலூன்போல் உப்பி, நிறைந்ததும் கழன்று செல்லுக்குள் சுற்றிவரத் தொடங்குகிறது. பரமேசியம் மைத்துகள்களைக்கூட விழுங்கிவிடும்.

செரிமானம்

பாடநூற் படங்களில் உணவுக் குமிழிகள் எல்லாம் ஒரே அளவில் வரையப்படுவதுண்டு. உண்மையில் குமிழி முதலில் சுருங்கி, பின் பெருக்கிறது. காங்கோ சிவப்புச் சாயமேற்றிய ஈஸ்ட்டைப் பரமேசியத்துக்கு உணவாகக் கொடுத்தால் இம்மாற்றங்களை நுண்ணோக்கியில் காணலாம். சிவப்பாக உட்செல்லும் ஈஸ்ட் சில நிமிடங்களில் நீலமாகிறது. குமிழியின் உட்பகுதி வலிய அமிலத்தன்மை அடைந்துவிட்டதை இது காட்டும். அமிலமாக்கும் நுண்பைகள் முதலில் குமிழியுடன் இணைகின்றன என்பதை ஆலன், ஃபோக் ஆகியோர் 1983இல் விளக்கினர். அதன் பிறகே லைசோசோம்கள் இணைந்து செரிமான நொதிகளை வழங்குகின்றன. அமிலத்தன்மை குறையக் குறைய ஈஸ்ட் மீண்டும் செந்நிறம் பெறுகிறது.

செரித்த சத்து சைட்டோபிளாசத்துள் செல்ல, எஞ்சிய கழிவு பரமேசியத்தில் குறிப்பிட்ட ஒரு புழை வழியாகவும், அமீபாவில் உடற்பரப்பின் எவ்விடத்தினூடாகவும் வெளியேறுகிறது. பரமேசியம் பழைய குமிழியின் சவ்வை வீணாக்காமல் புதிய குமிழிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

மலேரியா ஒட்டுண்ணியில்

மனிதச் சிவப்பணுக்களுள் வளரும் பிளாஸ்மோடியமும் ஒருசெல் உயிரியே. அது ஈமோகுளோபினை விழுங்கித் தன் உணவுக் குமிழியில் செரிக்கிறது. அப்போது வெளிப்படும் ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் ஒட்டுண்ணிக்கே நஞ்சாகும். ஆதலால் அதனை ஹீமோசோயின் எனும் கரும்பழுப்புப் படிகமாக மாற்றித் தீங்கற்றதாக்குகிறது. 1897இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை அடையாளம் காண உதவியது இந்நிறமியே.

குளோரோகுயின் மருந்து உணவுக் குமிழியில் திரண்டு இப்படிகமாதலைத் தடுக்கிறது; தான் உண்ட உணவின் நஞ்சாலேயே ஒட்டுண்ணி மடிகிறது. ஆனால் 1950களின் இறுதியில் தென்கிழக்காசியாவிலும் தென் அமெரிக்காவிலும் இம்மருந்துக்கு மசியாத பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் தோன்றிப் பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் பரவியது. குமிழிச் சவ்விலுள்ள ஒரு புரதம் மாற்றமடைந்து மருந்தை வெளியேற்றிவிடுவதே இதற்குக் காரணம். அப்புரதத்தின் மரபணு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் மலேரியாவுக்கு இந்தியாவில் குளோரோகுயின் தொடர்ந்து வழங்கப்படுகிறது.