பஞ்சரின் சரித்திரம்

சாலையில் வேகமாகச் செல்வதற்கென்றே செய்யப்பட்ட ரோடு பைக்கை உடையவர்கள் கூடும் இடங்களிலெல்லாம், டியூபை விட்டுவிட்டு டியூப்லெஸ் டயருக்கு மாறலாமா என்ற விவாதம் இன்று ஓயாமல் நடந்துவருகிறது. புதிய சரக்கு ஒன்று கடைக்கு வந்ததால் எழுந்த சந்தேகம்போல இது தோன்றினாலும், இதன் வேர் மிகவும் பழமையானது. சக்கரத்தில் காற்றை அடைக்க மனிதன் கற்ற அன்றே பஞ்சரும் உடன் பிறந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும், துளையை அடைக்கும் உழைப்பு பட்டறையில் நடக்க வேண்டுமா, நடுவழியில் நடக்க வேண்டுமா, வீட்டிலேயே முன்கூட்டி நடக்க வேண்டுமா என்ற ஒரே கேள்விக்குத்தான் தன் சக்திக்கேற்ற விடையைத் தேடியிருக்கிறது.

1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், ரப்பர் ஏற்றிய கித்தான் குழாயைத் தோலுறைக்குள் வைத்துக் காற்றடைத்து, அதை வண்டிச் சக்கரத்தில் பூட்டும் யுக்திக்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் அது ஓட்டிக் காட்டப்பட்டது. ஆயினும் அதனால் உண்மையான பயன் பெறக்கூடிய லேசான வாகனம் அக்காலத்தில் இல்லாமையால், உலகம் அதை மறந்தது. 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனுடைய மூன்று சக்கர சைக்கிளின் குலுக்கலைத் தணிக்க முயன்று, தாம்சனைப் பற்றி ஏதும் அறியாமலே அதே யுக்தியை மீண்டும் கண்டுபிடித்தார். மறு ஆண்டு அவர் பெற்ற காப்புரிமை, பழைய உரிமை வெளிப்பட்டதும் செல்லாததாயிற்று. ஆனால் 1889 மே மாதம் வில்லி ஹ்யூம் என்ற வீரர் அந்த டயரைப் பூட்டிக்கொண்டு பந்தயங்களில் வென்றதும், கெட்டி ரப்பரின் காலம் முடிவுக்கு வந்துவிட்டது.

அந்த முதல் டயரோ சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. அதே 1889-இல், பிரான்ஸ் தேசத்துக் க்ளெர்மோன் ஃபெரான் நகரில் மிஷலின் சகோதரர்கள் நடத்திய ரப்பர் தொழிற்சாலைக்கு, பஞ்சரான டயரோடு ஓர் ஆங்கிலேயப் பிரயாணி வந்து சேர்ந்த கதை பிரசித்தமானது. ஒட்டியதைப் பிரித்துத் துளையை அடைக்க மூன்று மணி நேரம் பிடித்தது. பசை உலர ஓர் இரவு சென்றது. மறுநாள் எத்வார் மிஷலின் அந்தப் பிரயாணியின் சைக்கிளில் ஏறிச் சிறிது தூரம் ஓட்டுவதற்குள் காற்று மீண்டும் இறங்கிவிட்டது. அந்தச் சிறிது தூரத்திலேயே காற்றின் சுகத்தை அறிந்துகொண்ட அவர், நிபுணரல்லாத எவரும் வழியில் அமர்ந்தபடி தாமே கழற்றி மாட்டக்கூடிய டயர் இல்லாமல் அந்தச் சுகம் மக்களுக்கு நிலைக்காது என்று உணர்ந்தார்.

1891-இல் அத்தகைய டயர் உருவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று பாரிஸுக்கே திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அதைப் பூட்டியிருந்த ஷார்ல் தெரோன் மூன்று நாளைக்குள் திரும்பி வந்து வெற்றி பெற்றார். அதற்கு முந்திய ஆண்டே பிரிட்டனில் வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர், ஒருவர் ஓரத்தில் கம்பி வைத்தும் மற்றவர் ரிம்மின் மடிப்பில் ஓரத்தைக் கொக்கியிட்டும், டயரைப் பசையின்றி நிறுத்தும் வழிகளுக்கு உரிமை பெற்றிருந்தார்கள். இன்று நாம் அறிந்த டயரும் டியூபும் இவ்வழிகளின் சந்ததியே. பந்தய வீரர்கள் மட்டும் லேசு கருதி, ரிம்மோடு ஒட்டிய குழாய் டயரை மேலும் ஒரு நூற்றாண்டு கைவிடவில்லை.

டயரின் பெருக்கத்துக்காக வேறு ஜனங்கள் கொடுத்த விலையை மறைத்துவிட்டு இச்சரித்திரத்தை எழுதுவது நியாயமாகாது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆளுகையிலிருந்த காங்கோவில், காட்டுக் கொடிகளிலிருந்து ரப்பர் திரட்டித் தரும்படி கிராமத்தார் வதைக்கப்பட்டனர்; மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளின் வம்சம் பின்னர் மலாயாவில் பெருந்தோட்டங்களாகப் பரவியபோது, அங்கே பால்மரம் வெட்டச் சென்றவர்களில் நம் தமிழர் பல்லாயிரவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் அவர்கள் விடியுமுன்பே இறங்கி, மரத்தின் உள்ளுயிருக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவி, சொட்டும் பாலைக் கோப்பையில் ஏந்தி, வாளிவாளியாகச் சுமந்தார்கள்.

மோட்டார் வாகனங்களில் டியூபின் தேவையைக் குட்ரிச் கம்பெனி 1947-இல் நீக்கிக் காட்டியது. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் புதுக் கார்கள் டியூப் இல்லாமலே வெளிவந்தன. சைக்கிளுக்கு அது உடனே கைகூடாமைக்குக் காரணங்கள் உண்டு: கம்பிகளுக்காக ரிம்மில் வரிசையாகத் துளைகள் இருந்தன, ஒல்லியான டயரில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் அடைக்கப்பட்டது. 1999-இல் மாவிக் கம்பெனி மலைப்பாதைச் சைக்கிளுக்கும், 2006-இல் ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து ரோடு பைக்குக்கும் இதைக் கொண்டுவந்தன. இதன் ஜீவன் டயருக்குள் ஊற்றப்படும் திரவத்தில் இருக்கிறது. முள் ஏறிய இடத்தில் காற்று சீறுகிறது; சக்கரம் சுழலும்போது திரவம் அங்கே பாய்ந்து, அதிலுள்ள நுண்துகள்கள் துளையின் வாயில் திரண்டு உறைந்து, சில சுற்றுகளில் சீற்றம் அடங்கி, ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் எஞ்சுகிறது. இத்தகைய திரவங்கள் பலவற்றுக்கு மூலப்பொருள் அதே ரப்பர் மரத்தின் பால்தான்.

ஆகவே டியூப்லெஸ் முறை உழைப்பை ஒழிக்கவில்லை. அதைச் சாலையிலிருந்து வீட்டுக்கு மாற்றியிருக்கிறது. நடுவழியில் குனியும் சிரமம் குறைகிறது. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழுவதில்லை. அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து, கரடான பாதையிலும் சுகமாகச் செல்லலாம். அதற்கு ஈடாக, ரிம்மில் காற்றுப் புகாத டேப்பைச் சுருக்கமின்றி ஒட்ட வேண்டும். டயரின் ஓரம் ரிம்மில் பதியும் அளவுக்கு ஒரே வீச்சில் காற்றடிக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை, வெப்ப நாட்டில் இன்னும் விரைவில், உலர்ந்துபோகும் திரவத்தைப் புதுப்பிக்க வேண்டும். உள் ஓரத்தில் கொக்கி இல்லாத ரிம்மானால், 5 பாருக்கு, அதாவது சுமார் 72 பவுண்டுக்கு, மேல் காற்றடிப்பது அபாயம்.

முள்ளும் கண்ணாடிச் சில்லும் நிறைந்த சாலையில் நித்தம் நெடுந்தூரம் செல்பவர், தம் வண்டி 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அகல டயரை ஏற்குமானால், ரிம்மும் அதற்கென்றே செய்யப்பட்டிருக்குமானால், தயங்காமல் மாறலாம் என்பதே என் அபிப்பிராயம். எப்போதோ ஒரு நாள் ஓட்டுபவர்க்கும், ஒல்லி டயரில் நிறையக் காற்றடித்து ஓட்டுபவர்க்கும் டியூபே உத்தமம். இருவகையாரும் பையில் ஒரு டியூபை வைத்திருக்க வேண்டும். ஏனெனில் டயர் நீளமாகக் கிழிந்துவிட்டால் எந்தப் பாலும் அதை அடைக்காது, அப்போது கை கொடுப்பது டயரைத் தானே கழற்றி மாட்டும் பழக்கம் ஒன்றே. 1891-இல் சாமானியனுக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் வசதி எதுவாயினும், அது நஷ்டக் கணக்கிலேயே சேரும்.