இடமறிந்து கத்தி வைப்போம்

நம் ஒசூர் கால்நடைப் பண்ணை 1824இல் இராணுவக் குதிரைகளுக்கென உருவானது. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பஸராவின் மொழியறிஞர் அஸ்மஈ (ரஹ்) குதிரை, ஒட்டகம், ஆடு பற்றித் தனித்தனி நூலியற்றி, அவற்றின் உறுப்புப் பெயர்களைத் தொகுத்தார்.

உறுப்பின் பெயரோடு திசையும் தெரியவேண்டும். மனிதனுக்கு வயிறு முன்பக்கம். நாற்கால் பிராணிக்கோ கீழ்ப்பக்கம். ஆகவே கால்நடை மருத்துவம் தலைப்பக்கம், வால்பக்கம், முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம் என்றே சுட்டுகிறது. இச்சொற்களின் உலகப் பொதுப் பட்டியல் 1968இல் வெளிவந்தது.

அறுப்பிலும் இடமே முதன்மை. ஆடு, மாட்டுக்குத் தொண்டையாகிய ‘ஹல்க்’, ஒட்டகத்துக்குக் கழுத்து நெஞ்சோடு சேரும் குழியாகிய ‘லப்பா’ என ஃபிக்ஹு நூல்கள் வரையறுத்தன. பெயர் தெளிந்தால் கத்தி இடம் தவறாது; பிராணியும் வதைபடாது. குர்பானிக்கு முன் நம் பிள்ளைகளுக்கு இவ்விடங்களைக் காட்டிக் கற்பிப்போமாக!